மிளகுக் காரத்தைக் கையாளுறது எப்படி: வாங்குறதுல இருந்து மாத்திரையோட மோதாம பாத்துக்கிறது வரைக்கும்

மிளகுல காரம் வேற, மணம் வேற. இது ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் நிறைய பேரு மிளகை வீணாக்குறாங்க. காரம் பைப்பரின்னு ஒரு பொருளால வருது, அது மிளகு மணியோட உள்பகுதில இருக்கு, அதுக்குன்னு வாசனைன்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் கிடையாது. மணம் வர்றது தோல் பக்கம் இருக்கிற ஆவியாகிப் போற எண்ணெய்ல இருந்து. முதல் ஆள் சூட்டுக்குப் பெருசா அசைய மாட்டான், தண்ணில கரைய மாட்டான். ரெண்டாவது ஆள் மூடியைத் தொறந்தாலே கிளம்பிருவான். இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா எந்த மிளகு வாங்கணும், எப்ப இடிக்கணும், எண்ணெய்ல போடணுமா தண்ணில போடணுமா, மஞ்சள் பால்ல ஏன் போடுறாங்க, தினமும் மாத்திரை சாப்பிடுறவங்க எங்க ஜாக்கிரதையா இருக்கணும், எல்லாமே இதுல இருந்தே விளங்கிரும்.

கொஞ்சம் கெமிஸ்ட்ரி பாத்துட்டு சமையலுக்கு வர்றேன், பயப்படாதீங்க, தேவையானது மட்டும்தான்.

காஞ்ச மிளகுல நூத்துக்கு சுமாரா 5 பங்கு பைப்பரின் இருக்கும், ரகத்தைப் பொறுத்து கூடவும் குறையவும் செய்யும். எண்ணெய் 1ல இருந்து 3 பங்கு வரைக்கும். பைப்பரினை முதல்ல பிரிச்செடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் எர்ஸ்டெட், வருஷம் 1819. கரண்ட் போற கம்பி பக்கத்துல வெச்ச திசைகாட்டி முள்ளு அசையுதுன்னு அடுத்த வருஷம் கண்டுபிடிச்சாரே, அதே ஆள்தான். அதோட மூலக்கூறுல 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன். ஒரு முனைல பென்சீன் வளையமும் அதோட ஒட்டிக்கிட்டு ஒரு குட்டி ஆக்சிஜன் வளையமும் இருக்கும், இந்த முனையை ஞாபகம் வெச்சுக்கங்க, மாத்திரை பத்திப் பேசும்போது திரும்ப வரும். இன்னொரு முனைல பைப்பரிடின்னு நைட்ரஜன் உள்ள வளையம். நடுவுல ரெண்டு இரட்டைப் பிணைப்பு உள்ள நேரான கார்பன் சங்கிலி. இந்த சங்கிலி நேரா இருக்கிறதுதான் காரத்துக்கு ஆதாரம். கரைசலா வெச்சு வெளிச்சம் பட்டா சங்கிலி மடங்கி வேற வடிவத்துக்குப் போயிடும், அணு எல்லாம் அதேதான், ஒண்ணு கூட கூடல குறையல, ஆனா காரம் போயிடும். மடங்கின வடிவங்கள்ல ஒண்ணுக்கு சாவிசின்னு பேரு, ஒரு காலத்துல அதுதான் மிளகோட காரமேன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க, அப்புறம்தான் அதுல கலந்திருந்த பைப்பரின்தான் காரம்னு தெரிஞ்சது.

பார்மசி படிச்சவங்களுக்கு இதைக் கண்ணால பாத்த அனுபவம் இருக்கும். லேப்ல மிளகுப் பொடியை ஆல்கஹால்ல போட்டு கொஞ்ச நேரம் கொதிக்க விட்டு வடிகட்டுவாங்க, கருப்பும் பச்சையுமா ஒரு தண்ணி வரும், அதை வத்த வெச்சு ஆல்கஹால்ல கரைச்ச பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேத்தா பிசினும் தேவையில்லாத சமாச்சாரமும் அடில தங்கிடும், தெளிவை மட்டும் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விட்டா பால் மாதிரி கலங்கும், அப்படியே ஒரு நைட் விட்டுட்டு காலைல பாத்தா பீக்கர் அடில மஞ்ச கலர்ல ஊசி ஊசியா படிகம் நிக்கும். அதான் பைப்பரின். சுத்தமான பைப்பரின் நாக்குல பட்ட உடனே ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் பொறுத்துத்தான் சுரீர்னு ஏறும். ஏன்னா எச்சில்ல அது கரையுறதே கஷ்டம். மிளகோட காரம் மெதுவா ஏறி தொண்டை வரைக்கும் போறதுக்கும் இது ஒரு காரணம்.

காரம்ங்கிறது சுவை இல்லங்கிறதும் தெரிஞ்சு வெச்சுக்கங்க. நாக்குல, மூக்குல, கண்ணுல இருக்கிற வலி நரம்புகள்ல டிஆர்பிவி1னு ஒரு புரதம் இருக்கு, அது சுமார் 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா தொறந்துக்கும், தொறந்தா மூளைக்கு சுடுதுன்னு தகவல் போகும். மிளகாய்ல இருக்கிற கேப்சைசினும் மிளகுல இருக்கிற பைப்பரினும் சூடே இல்லாம அதே கதவைத் தொறந்து விட்டுருது. 1997ல இந்தப் புரதத்தைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசு கிடைச்சுது, ஆர்டம் படபூட்டியானோட சேந்து. பைப்பரின் இந்த வேலைல கேப்சைசினை விட ரொம்ப வலு கம்மி. காரத்தை அளக்குற ஸ்கோவில் அளவுல சுத்தமான கேப்சைசினுக்கு 1 கோடியே 60 லட்சம்னு சொல்லுவாங்க, பைப்பரினுக்கு லட்சக் கணக்குலதான். மிளகுப் பொடி மூக்குல ஏறினா தும்மல் வர்றதும் இதே நரம்பு வேலைதான்.

சரி, இனி கடைக்குப் போலாம்.

வாங்கும்போது

பொடியா விக்கிற பாக்கெட் மிளகை முடிஞ்ச வரைக்கும் தவிர்த்துடுங்க. கலப்படத்துக்காக மட்டும் சொல்லல, அரைச்ச அன்னைக்கே எண்ணெய் கிளம்ப ஆரம்பிச்சுரும், கடை அலமாரில மாசக் கணக்குல கிடந்த பொடில காரம் இருக்கும் மணம் இருக்காது, அதைப் போட்டு பொங்கல் பண்ணிட்டு மிளகே சரியில்லன்னு நம்ம புலம்புவோம். முழு மிளகா வாங்குங்க. கொல்லிமலை, ஏற்காடு, தாண்டிக்குடி பக்கம், கூடலூர், வால்பாறைன்னு நம்ம மலைகள்லயே நல்ல மிளகு விளையுது, சில்வர் ஓக் மரத்துல கொடி ஏத்தி விட்டிருப்பாங்க, அந்தப் பக்கம் போனா நேரா விவசாயி கிட்டயே வாங்கிக்கலாம். பன்னியூர் 1னு ஒரு ரகம், கேரளாவுல பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கினது, மிளகுல முதல் கலப்பின ரகம் அதுதான், மணி நல்லா பெருசா இருக்கும். கரிமுண்டா கொஞ்சம் சிறுசு. பெருசா இருந்தா காரம் அதிகம்னு அர்த்தம் இல்ல, அதுக்காக காசு கூடக் கொடுக்காதீங்க.

கைல ஒரு பிடி எடுத்துப் பாருங்க. கனமா இருக்கணும், உருட்டுனா கடகடன்னு சத்தம் வரணும், விரல்ல அழுத்துனா நசுங்கக் கூடாது. ரொம்ப பளபளன்னு எண்ணெய் தடவின மாதிரி இருந்தா மோந்து பாருங்க, மண்ணெண்ணெய் வாடை லேசா வந்தாலும் வேண்டாம். மினரல் ஆயில் தடவி மெருகேத்துறதும் பூஞ்சை தெரியாம மறைக்கிறதும் நடக்குது, 2012 கடைசில கொச்சி பக்கம் குடோன் குடோனா மிளகுக்கு சீல் வெச்சது இதுக்காகத்தான்.

பப்பாளி விதை கலப்படம் பாக்க டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் மிளகைப் போடுங்க, நல்ல மிளகு அடில போயிடும், பப்பாளி விதை மிதக்கும். ஆனா மிதக்குறது எல்லாம் பப்பாளி விதைன்னு முடிவு பண்ணிடாதீங்க, முத்தாத சொத்தை மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்து பிளேடால குறுக்க வெட்டிப் பாருங்க. மிளகுன்னா உருண்டையா இருக்கும், மேல வலைப்பின்னல் மாதிரி சுருக்கம் இருக்கும், முத்தினதா இருந்தா உள்ள வெளிறுன மாவு தெரியும். பப்பாளி விதை நீளவாக்குல இருக்கும், கலரும் பச்சை கலந்த பழுப்பா இருக்கும். சொத்தை மிளகுல காரமே இல்லன்னும் நினைக்காதீங்க, மாவுச்சத்து சேராததால எடைக்கு எடை பாத்தா அதுல பைப்பரினும் எண்ணெயும் அதிகமா கூட இருக்கும், சாறு எடுக்கிற கம்பெனிக்காரங்க முத்தாத மிளகைத் தேடித்தான் வாங்குவாங்க. நம்ம வீட்டுக்கு முத்தினதே போதும்.

வெள்ளை மிளகு தனி கதை. பழுத்த மிளகை ஊற வெச்சு தோலை உரிச்சு எடுக்கிறது அது. தோல் போச்சுன்னா தோல்ல இருந்த எண்ணெயும் போச்சு, உள்ள இருக்கிற பைப்பரின் அப்படியே இருக்கும். அதனால காரம் குறையாது, மணம்தான் குறையும், கூடவே ஊற வெச்ச புளிச்ச வாடை ஒண்ணு ஒட்டிக்கும். சூப், வெள்ளை சாஸுக்கு கலர் கெடாம இருக்கணும்னா சரி, ரசத்துக்கு அது வேண்டாம்ங்கிறது என் அபிப்பிராயம்.

வீட்டுல மிளகுக் கொடி வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு சரத்துல ஒண்ணு ரெண்டு மணி சிவக்க ஆரம்பிச்சதும் சரத்தோட பறிச்சு, உதிர்த்து, கொதிக்கிற தண்ணில ஒரு நிமிஷம் முக்கி எடுத்து வெயில்ல போடுங்க. பச்சை மிளகு கருக்குறது தோல்ல இருக்கிற நொதி ஒண்ணு காத்தோட சேந்து செய்யுற வேலை, சுடுதண்ணில முக்கினா தோலோட செல்லு உடைஞ்சு அந்த வேலை சீக்கிரம் நடக்கும், எல்லா மணியும் ஒரே மாதிரி கருக்கும், மேல இருக்கிற அழுக்கும் கிருமியும் போகும். ஒரு நிமிஷத்துக்கு மேல விட்டீங்கன்னா நொதியே செத்துப்போயி கருக்காது. சுத்தமான பாய்ல பரப்பி நாலஞ்சு நாள் நல்ல வெயில் வாங்கணும். மூணு கிலோ பச்சை மிளகு சுமாரா ஒரு கிலோவுக்கு வந்து நிக்கும்.

வெச்சுக்கிறதும் இடிக்கிறதும்

காத்துப் புகாத டப்பா, வெளிச்சம் படாத இடம், ஈரம் இல்லாத ஸ்பூன். அடுப்புக்கு மேல இருக்கிற அலமாரி வேண்டாம், அங்க தினமும் சூடும் ஆவியும் படும், எண்ணெய் போறதுக்கும் பூஞ்சை வர்றதுக்கும் அதை விட வசதியான இடம் கிடையாது. பூஞ்சை பிடிச்ச மிளகைக் கழுவிக் காய வெச்சு பயன்படுத்தாதீங்க, கொட்டிடுங்க.

இடிக்கிறது சமையலுக்கு சற்று முன்னாடி இடிச்சா போதும். சின்ன உரல் இருந்தா அதுதான் பெஸ்ட், மிக்சில போட்டா விட்டு விட்டு ஓட்டுங்க, தொடர்ந்து ஓட்டினா ஜார் சூடாகி மூடியைத் தொறக்கும்போது கும்முனு ஒரு வாசனை வரும் பாருங்க, அந்த வாசனை உங்க ரசத்துல இருந்திருக்க வேண்டியது. இடிக்கும்போது ஒண்ணும் பாதியுமா உடைஞ்சா மணம் தூக்கலா காரம் மெதுவா வரும், நைஸா அரைச்சா காரம் உடனே தெரியும். முழுசா போட்டா கடிக்கிற வரைக்கும் காரமே வராது. பொங்கல்ல முழு மிளகு போட்டுட்டு பிள்ளைங்க எல்லாத்தையும் பொறுக்கி தட்டு ஓரத்துல வெச்சா அந்த மிளகால ஒரு பிரயோஜனமும் இல்ல, உடைச்சுப் போட்டா அந்தத் தொல்லையும் இல்ல.

எதுல போடணும்

இதுதான் முக்கியமான இடம். பைப்பரின் ஒரு லிட்டர் தண்ணில 40 மில்லிகிராம்தான் கரையும், அதாவது ஒரு டம்ளர் தண்ணிக்கு 8 மில்லிகிராம். கொதிக்கிற தண்ணில கொஞ்சம் கூடக் கரையும், ஆறினா திரும்ப அடங்கிரும். ஒரு மிளகு மணி சுமாரா 50 மில்லிகிராம் எடைன்னு வெச்சுக்கங்க, பத்து மிளகுக்கு அரை கிராம், அதுல 25 மில்லிகிராம் பைப்பரின். அப்ப ஒரு டம்ளர் தண்ணில பத்து மிளகைத் தட்டிப் போட்டா மூணுல ரெண்டு பங்கு காரம் கரையாம சக்கைலயே நிக்கும். ரசத்துல தெளிவை மொண்டு குடிச்சா இதமா இருக்கும், அடி மண்டியைக் கலக்கி ஊத்தினா நாக்கு எரியும், அதுக்கு காரணம் இதுதான், பைப்பரின் பெரும்பாலும் அந்த மண்டிலதான் உக்காந்திருக்கு.

நம்பலன்னா வீட்டுலயே பாருங்க. ரெண்டு சின்ன கிண்ணம் எடுத்துக்கங்க, ரெண்டுலயும் ஒரே அளவு இடிச்ச மிளகு, அரை டீஸ்பூன் போதும். ஒண்ணுல ரெண்டு ஸ்பூன் வெந்நீர், இன்னொண்ணுல ரெண்டு ஸ்பூன் சூடான நெய். பத்து நிமிஷம் மூடி வெச்சுட்டு ரெண்டையும் டீ வடிகட்டில வடிச்சு ஒவ்வொரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க, நடுவுல கொஞ்சம் தயிர் சாப்பிட்டுட்டு. தண்ணி பழுப்பா இருக்கும், லேசா கார்ப்பு இருக்கும், அவ்வளவுதான். நெய் கொஞ்சம் மஞ்சளா மாறியிருக்கும், அதோட காரம் நாக்குல படர்ந்து தொண்டை வரைக்கும் போயி சீக்கிரம் இறங்காது. கொழுப்புல பைப்பரின் கரையுறதும் வாசனை எண்ணெய் அதுலயே தங்குறதும் ஒரே நேரத்துல நடக்குது.

அதனால காரம் நல்லா இறங்கணும்னா நெய்லயோ நல்லெண்ணெய்லயோ முதல்லயே ஒரு பங்கு போடுங்க, மிதமான சூட்டுல. பைப்பரின் 130 டிகிரி பக்கம் உருகும், ஆனா தாளிக்கிற நேரத்துக்கெல்லாம் அழிஞ்சு போகாது. மணம் வேணும்னா இன்னொரு பங்கை அடுப்பை அணைக்கும்போது போட்டு மூடி வைங்க. மிளகுக் குழம்பு, மிளகுக் கோழி, மிளகு வறுவல் எல்லாத்துக்கும் இந்த ரெண்டு தவணை கணக்கு ஒத்து வரும். மிளகை வெறும் வாணலில கருக வறுக்கிறவங்க வீடு பூரா மணக்குதுன்னு சந்தோஷப்படுவாங்க, வீடு மணந்தா அந்த மணம் குழம்புல இல்லன்னு அர்த்தம், சூடு ஏறினதும் இறக்கிடுங்க.

வாய் எரிஞ்சா தண்ணி குடிச்சுப் பிரயோஜனம் இல்ல, கரையாத பொருளை தண்ணி எப்படி அலசும். தயிர், பால், நெய் போட்ட சோறு ரெண்டு வாய், இதுல ஏதாவது ஒண்ணு. கண்ணுல கையை வெச்சுட்டா மட்டும் யோசிக்காம நிறைய தண்ணில அலசுங்க.

தொண்டைக்கு

வெத்தலைல ரெண்டு மிளகை மடிச்சு மெல்லுறது, மிளகு பால், சுக்கு மிளகு திப்பிலி சம பங்கு சேத்த திரிகடுகக் கஷாயம், இதெல்லாம் நம்ம வீடுகள்ல காலங்காலமா இருக்கு. வேலை செய்யுது, ஆனா எப்படி செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு குடிங்க. அந்த டிஆர்பிவி1 கதவு தொறந்ததும் எச்சில் ஊறும், மூக்கு ஒழுகும், கட்டின சளி இளகும், அதே நரம்பு தொடர்ந்து தூண்டப்பட்டா கொஞ்ச நேரத்துக்கு சலிச்சுப்போய் வலியை சொல்லாது, கரகரப்பு அடங்கின மாதிரி இருக்கும். வைரஸை அது கொல்லாது. சோதனைக் குழாய்ல கிருமியைக் கட்டுப்படுத்துச்சு, எலிக்கு வீக்கம் குறைஞ்சதுன்னு பைப்பரின் பத்தி நிறைய ஆய்வு இருக்கு, எலிக்கு கொடுக்குற அளவை மனுஷ எடைக்கு கணக்குப் போட்டா நம்ம சாப்பாட்டுல வர்றதை விட பல மடங்கு இருக்கும். அதனால மூணு நாளுக்கு மேல காய்ச்சல் நின்னா, மூச்சு வாங்கினா கஷாயத்தை நம்பி உக்காராம டாக்டர் கிட்ட போங்க.

கஷாயம் வைக்கும்போது மிளகைத் தட்டிப் போட்டு பத்து நிமிஷம் சிறு தீல மூடி கொதிக்க விட்டு, இறக்கினதும் கால் ஸ்பூன் நெய் விடுங்க, இல்ல பால்லயே வைங்க. வித்தியாசம் முதல் மொடக்குலயே தெரியும். வயித்துப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவங்க வெறும் வயித்துல இதைக் குடிக்க வேண்டாம்.

மஞ்சளோட மிளகு

இதைப் பத்தி வாட்ஸப்ல வராத மெசேஜ் இல்ல, 2000 சதவீதம் பலன் கூடுதுன்னு. அந்த எண் பொய் இல்ல. 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது, ஆளுக்கு மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற பொருள் 2 கிராமும் பைப்பரின் 20 மில்லிகிராமும் கொடுத்தாங்க. குர்குமினை மட்டும் தனியா கொடுத்தப்ப ரத்தத்துல கண்டுபிடிக்கவே முடியல, இல்லன்னா ரொம்ப ரொம்ப கம்மி. பைப்பரின் சேத்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள அளவு ஏறுச்சு, 20 மடங்கு. ஆனா எதோட 20 மடங்குன்னு பாருங்க, கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லாததோட 20 மடங்கு, அதுவும் கொஞ்ச நேரத்துல இறங்கிருச்சு. மஞ்சத்தூள்ல குர்குமின் நூத்துக்கு 3 பங்குன்னு வெச்சுக்கிட்டா ஒரு டீஸ்பூன் தூள்ல 100 மில்லிகிராம் கூட தேறாது, ஆய்வுல கொடுத்தது 2000 மில்லிகிராம். மஞ்சள் பால் நல்ல பானம், குடிங்க, மிளகு தட்டிப் போடுங்க, ருசியாவும் இருக்கும். சர்க்கரை வியாதியையும் புத்துநோயையும் அது பாத்துக்கும்னு சொல்லிக்கிட்டு வர்ற மெசேஜை மட்டும் ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, அதை நம்பி மருந்தை நிறுத்தினவங்களுக்கு நடக்குறது ரொம்ப கொடுமை.

மாத்திரை சாப்பிடுறவங்க இதை விட்டுடாம படிங்க

குர்குமினுக்கு பைப்பரின் எப்படி உதவுச்சோ அதே வழில மத்த மருந்துக்கும் உதவும், அங்கதான் சிக்கல். வெளில இருந்து வர்ற பொருளை எல்லாம் குடலும் ஈரலும் சேந்து உடைச்சு வெளிய தள்ளும், அதுக்கு சில நொதிகள் இருக்கு, சிஒய்பி3ஏ4 அதுல பெரிய ஆள், குர்குமின் மாதிரி பொருளோட சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளியேத்துற நொதி இன்னொண்ணு. பி கிளைகோபுரோட்டீன்னு ஒண்ணு குடல் சுவர்லயே நின்னு உள்ள வந்த மருந்தைத் திரும்ப வெளிய பம்ப் பண்ணும். பைப்பரின் இவங்க எல்லாரையும் கொஞ்ச நேரம் மந்தமாக்கிரும். முன்னாடி ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன வளைய முனை இருக்கே, அந்த மாதிரி முனை நொதியைக் கவ்விப் பிடிக்கிறதுல பேர்போனது. சில கொசு ஸ்ப்ரேல பைப்பரோனில் பியூட்டாக்சைடுன்னு ஒண்ணு சேப்பாங்க, அதுக்கும் இதே வளையம் உண்டு, பூச்சியோட நொதியை அடைச்சு மருந்து உடையாம பாத்துக்கிறதுதான் அதோட வேலை.

இதை நல்லதுக்குப் பயன்படுத்தினதும் நம்ம நாட்டுலதான். ஜம்மு ஆராய்ச்சிக் கூடத்துல பல வருஷம் இதுல உழைச்சாங்க, அதுல இருந்து வந்ததுதான் ரிசோரின்ங்கிற காசநோய் மாத்திரை, வழக்கமா 450 மில்லிகிராம் கொடுக்கிற ரிஃபாம்பிசினை 200 ஆக்கி கூட 10 மில்லிகிராம் பைப்பரின் வெச்சாங்க.

டாக்டர் கணக்குப் போட்டு செஞ்சா அது மருந்து. நம்மளா தெரியாம செஞ்சா ஆபத்து. வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின், இந்த மூணும் பைப்பரினோட சேந்தா ரத்தத்துல அளவு கூடுறதை மனுஷங்க கிட்டயே அளந்து பாத்திருக்காங்க, கார்பமசபின்ங்கிற இன்னொரு வலிப்பு மருந்துலயும் அப்படித்தான். இதுல ஃபெனிடாயினும் தியோஃபிலினும் கொஞ்சம் கூடினாலே விஷமாகிற வகை. அதெல்லாம் பைப்பரின் தனியா கொடுத்ததுதானே, சாப்பாட்டுல என்ன ஆகும்னு கேக்குறவங்களுக்கு, 2001ல வந்த ஒரு ஆய்வுல வெறும் 1 கிராம் மிளகு போட்ட சூப் குடிக்க வெச்சே ஃபெனிடாயின் அளவு கூடினதைப் பாத்தாங்க. 1 கிராம்னா இருபது மிளகு, நம்ம ஊரு சளிக் கஷாயத்துல தாராளமா வந்துரும்.

அதுக்காக மிளகே சேக்காதீங்கன்னு சொல்லல. தினசரி ரசம், பொங்கல், முட்டைல தூவுறது, இது எப்பவும் சாப்பிடுற ஒரே அளவா இருந்தா அதோட சேத்துத்தான் உங்க டோஸ் செட் ஆகியிருக்கும். திடீர்னு அளவை ஏத்துறதுதான் பிரச்சினை. மாத்திரையைக் கஷாயத்தோட முழுங்காதீங்க, மிளகு பாலோட முழுங்காதீங்க, வெறும் தண்ணிதான். வலிப்பு மருந்து, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், உறுப்பு மாற்று சிகிச்சை பண்ணிக்கிட்டு டாக்ரோலிமஸ் இல்ல சைக்ளோஸ்போரின் சாப்பிடுறவங்க மிளகு திப்பிலி சேந்த எந்த சூரணம், லேகியம், கஷாயமா இருந்தாலும் தொடர்ந்து எடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர் கிட்ட பேரைச் சொல்லிக் கேளுங்க. நாட்டு மருந்துதானேன்னு சொல்லாம விடுறதுதான் நிறைய வீட்டுல நடக்குது. மருந்தை மட்டும் நீங்களா குறைக்காதீங்க.

கேப்சூல் விஷயத்துல இன்னும் கண்டிப்பா இருங்க. மஞ்சள் சாறும் பைப்பரினும் சேத்து மூட்டு வலிக்குன்னு விக்கிற கேப்சூல்களால ஈரல் பாதிச்சவங்க இத்தாலிலயும் அமெரிக்காவுலயும் பதிவாகியிருக்காங்க, ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023ல எச்சரிக்கை கொடுத்துச்சு. மஞ்சள் தனியா இருந்தும் சிலருக்கு வந்திருக்கு, பைப்பரின் சேந்தா உள்ள போற அளவு கூடுது. சாப்பிட ஆரம்பிச்சப்புறம் சிறுநீர் அடர்த்தியான கலர்ல போனாலோ, கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ, அரிப்பும் அசதியும் வந்தாலோ அன்னைக்கே நிறுத்திட்டு டப்பாவையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கர்ப்பமா இருக்கிறவங்க சாப்பாட்டு அளவுல மிளகு எடுத்துக்கலாம், சாறு, கேப்சூல், கெட்டிக் கஷாயம்னு செறிவா எதுவும் வேண்டாம்.

சின்னப் பிள்ளைங்களுக்கு மிளகுப் பொடியை உலர்ந்த பொடியா வாயில போடவே போடாதீங்க, அடம் பிடிச்சதுக்கு மிரட்டக் கூட வேண்டாம். அழும்போது மூச்சை இழுத்தா பொடி நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும், சவ்வு வீங்கி அடைச்சுக்கும், இப்படி உயிர் போன குழந்தைங்க மருத்துவப் பதிவுகள்ல இருக்காங்க. கொடுக்கணும்னா ரசம் சாதமா, பால்ல வடிகட்டினதா கொடுங்க. முழு மிளகும் அவங்களுக்கு புரையேறுற சைஸ்தான், இடிச்சே போடுங்க. மிளகுப் பொடியைத் தேன்ல குழைச்சு நாக்குல தடவுற பழக்கம் இருக்கிற வீடுகள்ல, ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு அந்தத் தேனே கூடாது, பொட்டுலிசம்னு ஒரு கடுமையான நோய் வர வாய்ப்பு இருக்கு. பாட்டி மனசு கோணாம எடுத்துச் சொல்லிப் புரிய வைங்க.